ஃப்ரேம் பட்டறை போடப் போகிறவர்களுக்கு: நெருப்பு கொஞ்சம், அரம் நிறைய

ஒரு எஃகு சைக்கிள் ஃப்ரேமில் கேஸ் டார்ச் எரியும் நேரம் மூன்று மணியைத் தாண்டாது. மீதி முப்பது மணி நேரமும் அளப்பது, அறுப்பது, அராவுவது, கழுவுவது, மறுபடி அளப்பது. சொந்தமாக ஃப்ரேம் செய்து விற்க இறங்குகிறவர்கள் பலர் வெல்டிங் கையோடு வருகிறார்கள், விலையையும் வெல்டிங் வேலைக்குச் சொல்வது போலவே சொல்லிவிடுகிறார்கள். கை சுடுவது அங்கேதான்.

முதலில் யார் வாங்குவார்கள்? கடை சைக்கிள் பொருந்துகிறவர் வரமாட்டார். ஆறேகால் அடி ஆள், ஐந்தடிப் பெண், முன்பக்கப் பையும் மட்கார்டும் மாட்டி 200, 600 கி.மீ. ப்ரெவே (நேர வரம்புள்ள நெடுந்தூர ஓட்டம்) ஓட்டுகிறவர் வருவார்கள். இவர்கள் கேட்பது எடைக் குறைப்பு அல்ல, பொருத்தம். ஆகவே வேலை காகிதத்தில் தொடங்குகிறது.

முன்சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும் ஃபோர்க்கைக் கையில் வாங்கி அளக்காமல் கோடு போடாதீர்கள். சக்கர அச்சிலிருந்து கிரவுன் (ஃபோர்க் கால்கள் சேரும் தலை) வரை உள்ள நீளம் 10 மி.மீ. கூடினால் ஹெட் கோணம், அதாவது ஃபோர்க் நுழைந்து திரும்பும் முன்குழாயான ஹெட் ட்யூபின் சாய்வு, ஏறக்குறைய அரை டிகிரி படுத்துவிடும். ஹெட் ட்யூபின் கோட்டை நீட்டினால் தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்தான் ட்ரெயில். அதன் கணக்கு எளிது: சக்கர ஆரத்தைக் கோணத்தின் கொசைனால் பெருக்கி, ஃபோர்க் ஆஃப்செட்டை (அந்தக் கோட்டிலிருந்து சக்கர அச்சு முன்தள்ளி நிற்கும் தூரம்) கழித்து, சைனால் வகுக்க வேண்டும். 700×32 டயருக்கு ஆரம் 343 மி.மீ. கோணம் 72°, ஆஃப்செட் 45 என்றால் ட்ரெயில் 64 மி.மீ. வரும். சாதாரண ஓட்டத்துக்கு இது சரி. ஹேண்டில்பாரில் கனமான பை தொங்கவிடுகிறவர்கள் 40 பக்கம் விரும்புவார்கள், அதற்கு ஆஃப்செட் 68 வேண்டும். ஐந்தடி ஆளுக்கு 700 சக்கரமே வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், திரும்பும்போது கால் விரல் முன்சக்கரத்தில் இடிக்கும். 26 அங்குல வளையத்துக்குப் போங்கள், கோணத்தை வளைத்துச் சமாளிக்க வேண்டாம். ஃபோர்க்கை முதல் இரண்டு வருடம் வாங்கியே போடலாம். ஃப்ரேமில் விரிசல் விட்டால் பெரும்பாலும் முன்கூட்டிச் சத்தம் வரும். ஃபோர்க் ஒடிந்தால் ஆள் முகம் குப்புற விழுவார்.

அடுத்தது குழாய். அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை எப்போதோ வந்துவிட்டது, ஆவடியில் துல்லிய எஃகுக் குழாய் உருவாகிறது. ஆனால் அதெல்லாம் டன் கணக்கு வியாபாரம். ஒரு ஃப்ரேமுக்கு எட்டுக் குழாய் கேட்டுப் போய் நிற்கிறவருக்கானது அல்ல. ஆகவே இங்கிலாந்தின் ரெனால்ட்ஸ், இத்தாலியின் கொலம்பஸ் என்று இறக்குமதிதான் வழி. தொடங்குகிறவருக்கு 4130 குரோமோலியில் (குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகு) மேல் குழாயான டாப் ட்யூப் 28.6, கீழே சாய்ந்து இறங்கும் டவுன் ட்யூப் 31.8 மி.மீ., சுவர் 0.9/0.6/0.9 போதும். இந்த எண்களுக்கு அர்த்தம், இரு முனையிலும் 0.9, நடுவில் 0.6 மி.மீ. தடிமன் என்பது. தடித்த பகுதி இரு முனையிலும் ஒரே நீளம் இருக்காது. எந்த முனையில் எவ்வளவு என்பது குழாயோடு வரும் வரைபடத்தில் இருக்கும். அதைப் பார்த்துக் குழாயின் மேல் மார்க்கரால் கோடு போட்டபிறகே ரம்பத்தைத் தொட வேண்டும். தவறான முனையில் அறுத்தால் மூட்டு மெல்லிய சுவரில் வந்து உட்காரும். பெயின்ட் அடித்த பிறகு யாருக்கும் தெரியாது, ஓட்டத் தொடங்கிய பிறகு தெரியும்.

பயிற்சிக்கு இந்தக் குழாயை வீணாக்க வேண்டாம். பழைய இரும்புக் கடையில் 1.2 மி.மீ. சாதாரணக் குழாய் வாங்கி, பித்தளைக் கம்பியை உருக்கி ஓட்டி இருபது மூட்டாவது போடுங்கள். ஜி.ஐ. குழாய் மட்டும் கூடாது, அதன் துத்தநாகப் புகை இரவில் குளிர்க்காய்ச்சலைக் கொண்டுவரும். போட்ட மூட்டுகளை நெடுக்காக ஹேக்ஸாவால் பிளந்து உள்ளே பித்தளை முழுக்க ஓடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெளியே அழகாக வளைந்த மூட்டு உள்ளே பாதி காய்ந்து கிடப்பது புதியவர்களின் வேலையில் சகஜம்.

காரணம் பெரும்பாலும் மைட்டர். ஒரு குழாயின் வாய் இன்னொன்றைக் கவ்வுமாறு வெட்டுவதுதான் மைட்டர். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கீற்று தெரியக்கூடாது. ஹோல் சா (வட்ட வாய் ரம்பம்) முக்கால் வேலையை முடிக்கும், கடைசிக் கால்வாசி அரை வட்ட அரத்துக்கு. இடைவெளியைப் பித்தளையால் நிரப்பிவிடலாம் என்று நினைத்தால், ஆறும்போது அந்தப் பக்கமே ஃப்ரேமை இழுக்கும்.

பற்றவைப்புக்கு நம் ஊர் கேஸ் வெல்டிங் செட்டே போதும்: 7 கன மீட்டர் ஆக்சிஜன் சிலிண்டரும், அசிட்டிலினோ எல்.பி.ஜி.யோ ஒன்றும். வீட்டு சிலிண்டரைப் பட்டறையில் வைப்பது சட்டப்படி தப்பு, 19 கிலோ வணிக சிலிண்டர் வாங்குங்கள். ஆக்சிஜன் ரெகுலேட்டரில் ஒரு சொட்டு எண்ணெய், கிரீஸ் படக்கூடாது. பித்தளைக் கம்பி ஓட 900° பக்கம் சூடு வேண்டும், 56 சதவீத வெள்ளிக் கம்பிக்கு 650° போதும். மூட்டில் பூசிய வெங்கார ஃப்ளக்ஸ் உருகித் தண்ணீர் போலத் தெளியும்போது கம்பியை நீட்டலாம். அது கருகிக் கறுத்துவிட்டால் நிறுத்தி, ஆறவிட்டு, சுத்தம் செய்துவிட்டுத் திரும்ப வாருங்கள். அதிகச் சூட்டில் பித்தளையில் உள்ள துத்தநாகம் வெண்புகையாகக் கொதித்து மூட்டில் ஊசித் துளைகளை விடும். அதைவிட மோசம், பித்தளை எஃகின் துகள் இடுக்குகளில் நுழைந்து விரிசல் விடுவது. தண்ணீர் ஊற்றி ஆற்றவே கூடாது, குரோமோலி கடினப்பட்டு நொறுங்கும். விலை குறைவு என்று கேட்மியம் கலந்த வெள்ளிக் கம்பியை நீட்டுவார்கள். அதன் புகை உயிரைக் குடிக்கும், கம்பியின் கலவையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

காற்றோட்டத் துளையைப் பலர் மறக்கிறார்கள். மூடிய குழாயில் சூடான காற்று விரிந்து, மூட்டை முடிக்கும் கடைசி நொடியில் உருகிய பித்தளையைக் குமிழியாக வெளியே தள்ளும். குழாய் சேரும் இடத்தில், ஹெட் ட்யூப் சுவரில் உள்பக்கமாக 5 மி.மீ. துளை ஒன்று போட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

வரிசை: பிபி கூட்டோடு (பெடல் அச்சு உட்காரும் பாட்டம் பிராக்கெட் கூடு) சீட் ட்யூப் முதலில், அது செங்குத்தா என்று தட்டையான பரப்பில் பார்த்த பிறகு முன்முக்கோணம், அப்புறம் பின்சக்கரத்தைப் பிடிக்கும் செயின் ஸ்டே, சீட் ஸ்டே குழாய்கள். நான்கு புள்ளிகளில் டாக் (தற்காலிகப் பொட்டு) வைத்து, எதிரெதிர்க் கால்வட்டங்களாக மாறிமாறி நிரப்பினால் இழுப்பு சமனாகும். நேர் பார்க்க விலையுயர்ந்த மேசைகூட வேண்டாம். ஹெட் ட்யூபைச் சுற்றி ஒரு நூலை, பின்சக்கர அச்சு நுழையும் இரு ட்ராப்அவுட்டுக்கும் இழுத்துக் கட்டி, சீட் ட்யூபிலிருந்து நூல் வரை இரு பக்கமும் அளங்கள். வித்தியாசத்தின் பாதிதான் கோணல். ஒரு மி.மீ.க்குள் நிற்க வேண்டும். பின்சக்கரத்தைத் திருப்பி மாட்டினாலும் அதே இடத்தில் நின்றால் சக்கரமும் ட்ராப்அவுட்டும் சரி.

ஹெட் ட்யூபை லேத்தில் முன்பே கடைந்து விட்டோமே என்பவர்களும் சூட்டுக்குப் பிறகு துளையைச் சுரண்டி வட்டமாக்கும் ரீமர் போட வேண்டியிருக்கும், ஏனென்றால் வட்டம் முட்டையாகிவிடும். பேரிங் கப் இறங்கும் துளை, சீட் ட்யூபின் 27.2 மி.மீ. உள்துளை, பிபியின் 68 மி.மீ. முகம் எல்லாம் கடைசியில்தான் முடியும். பிபியின் வலப்பக்க த்ரெட் இடஞ்சுழி. த்ரெட் வெட்டும் டேப்பைத் தப்பான பக்கம் இறக்கினால் முழு ஃப்ரேமும் போச்சு.

ஃப்ளக்ஸ் ஆறியபின் கண்ணாடி போல ஒட்டியிருக்கும். சூடான தண்ணீரில் ஒரு இரவு ஊறவிடுங்கள். மிச்சம் இருந்தால் பவுடர் கோட்டிங் ஒரு மாதத்தில் கொப்பளிக்கும். கோட்டிங் அடுப்பின் 200° மூட்டை ஒன்றும் செய்யாது. ஆனால் மணல் அடிக்கிறவரிடம் பொடி மணல் என்று சொல்ல வேண்டும், பெரிய மணல் 0.6 சுவரைப் பள்ளமாக்கும். சென்னை போன்ற கடற்கரை ஊர்களுக்கு உள்ளே ஆளி விதை எண்ணெய் ஊற்றிச் சுழற்றி, பிபி கூட்டில் வடிதுளை விட்டுக் கொடுங்கள்.

இனி விலை. பேசி வரைய 4 மணி, மைட்டர் 7, பற்றவைப்பு 3, மூட்டு அராவி மழுப்ப 8, நேர், ரீமர் 3, 64 மி.மீ. இடைவெளியில் பாட்டில் திருகு, கேபிள் பிடிப்பு வகையறா 4, கோட்டிங் அலைச்சல் 4. மொத்தம் 33. மணிக்கு 500 ரூபாய் வைத்தால் 16,500. குழாயும் உதிரிகளும் வரியோடு 25,000, கோட்டிங் 3,000, கேஸ், கம்பி 1,500 என்று வைத்துக்கொள்வோம். வாடகை 15,000, மாதம் மூன்று ஃப்ரேம் என்றால் தலைக்கு 5,000. ஆக 51,000. உத்தரவாதத்துக்குப் பத்து சதவீதம் ஒதுக்கினால் 56,000. இதில் லாபம் சேரவில்லை, கூலி மட்டும்தான். முதல் ஆர்டரை 35,000க்கு ஒத்துக்கொண்டால் வாடிக்கையாளருக்கு நாம் காசு கொடுத்து வேலை செய்வதாக அர்த்தம்.

பாதி முன்பணம் வந்து, வரைபடத்தில் கையெழுத்து விழும் வரை குழாயை அறுக்காதீர்கள். பெங்களூருக்கு ஒரே ஒரு ஃப்ரேம் விற்றாலும் வெளிமாநில விற்பனை என்பதால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் எண் கொடுத்து, குழாய் விவரம், கம்பி வகை, தேதி எல்லாம் ஒரு நோட்டில் ஏற்றுங்கள். மூட்டு ஒன்று விட்டால் அதே பெட்டிக் குழாயில் செய்த மற்ற ஃப்ரேம்களைத் திருப்பி அழைக்க அந்த நோட்டு மட்டுமே உதவும். எண்ணைப் பிபி கூட்டில் பற்றவைப்பதற்கு முன்பே குத்திவிடுங்கள், எல்லாம் முடிந்த பிறகு குத்தினால் கூடு நெளிந்து த்ரெட் இறுகும்.