அப்பத்தாவுக்குத் தண்ணீர் பிடிக்கும்

மாட்ரிட் நகரில் மாலை வகுப்பில் சேர்ந்து ஸ்பானிய மொழி படிக்கத் தொடங்கிய நான்காவது வாரம், ஆசிரியை பலகையில் ஒரு வாக்கியம் எழுதினார். நம் எழுத்தில் எழுதினால் இப்படி வரும்: "ஆ மி அபுவேலா லே குஸ்தா எல் ஆகுவா ஃப்ரியா." என் பாட்டிக்குக் குளிர்ந்த தண்ணீர் பிடிக்கும் என்று பொருள். ஆங்கிலம் வழியாக ஸ்பானியம் படிக்க வந்தவர்கள் எல்லாரும் அந்த வாக்கியத்தில் தடுக்கி நின்றார்கள். விரும்புவது பாட்டி, அப்படியிருக்க எழுவாய் எப்படித் தண்ணீராகும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. இந்தப் பாடத்தை நான் ஏற்கனவே காரைக்குடியில், நம் பள்ளியில், எட்டாம் வகுப்பில் படித்துவிட்டேன்.

தமிழ் ஐயாவை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பெயரைச் சொல்லி நாம் யாரும் அவரை அழைத்ததில்லை, இங்கேயும் ஐயா என்றே எழுதுகிறேன். வேற்றுமை நடத்திய அன்று அவர் நம் ஊர்ப் பேச்சிலிருந்தே இரண்டு வாக்கியங்களை எடுத்துப் போட்டார். "அப்பத்தா தண்ணி பிடிக்கும்." "அப்பத்தாவுக்குத் தண்ணி பிடிக்கும்." நம் பக்கத்தில் பெரியவர்களைப் பாசமாக 'அப்பத்தா சொல்லும், அப்பத்தா வரும்' என்றுதானே பேசுவோம்? அதனால் வினைமுற்று இரண்டிலும் ஒன்றேதான். முதல் வாக்கியத்தில் அப்பத்தா குடத்தோடு குழாயடியில் நிற்கிறது. இரண்டாவதில் அப்பத்தா எங்கும் போகவில்லை, தண்ணீர்தான் அதன் மனத்துக்குப் பிடித்துப் போகிறது. வித்தியாசம் ஒரே ஓர் உருபு: கு.

எழுவாய் எது என்று ஐயா கேட்டார். இரண்டுக்கும் அப்பத்தாதான் என்றேன். "அப்படின்னா எழுத்துத் தமிழ்ல, நேத்து நடந்ததாச் சொல்லு" என்றார். அப்பத்தா தண்ணீர் பிடித்தார். அப்பத்தாவுக்குத் தண்ணீர் பிடித்தது. சொல்லி முடிக்கும்போதே புரிந்துவிட்டது. வினை யாருக்கு இசைகிறதோ அதுதான் எழுவாய். 'பிடித்தது' தண்ணீருக்கு இசைகிறது.

எங்கள் அப்பத்தாவுக்கு இரண்டு வாக்கியமும் பொருந்தும். மழை இறங்கினால் முற்றத்தில் ஓட்டுத் தண்ணீர் விழும் இடத்துக்கு அண்டாவை இழுத்துக்கொண்டு ஓடும். மற்ற நாளில் சம்பை ஊற்றுத் தண்ணீர். காரைக்குடிக்காரர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் அந்தத் தண்ணீரின் இனிப்பைப் பற்றிப் பேசாமல் இருக்க மாட்டார்கள். மாட்ரிட்காரர்களும் அப்படித்தான் என்பது இங்கே வந்த பிறகு தெரிந்தது. 1858இல் லோசோயா ஆற்றுத் தண்ணீர் மலையிலிருந்து கால்வாய் வழியாக இந்த நகருக்கு வந்தது. இன்றும் வீட்டுக்குப் போனால் குழாய்த் தண்ணீரைப் பெருமையோடு பிடித்துக் கொடுப்பார்கள்.

சரி, வாக்கியத்துக்கு வருகிறேன். முதலில் நிற்கும் 'ஆ' நம்முடைய 'கு'. நாம் பெயருக்குப் பின்னால் ஒட்டுவதை அவர்கள் முன்னால் வைக்கிறார்கள். 'மி அபுவேலா' என் பாட்டி. 'லே' என்றால் 'அவருக்கு'. பாட்டிக்கு என்று சொன்ன பிறகும் அவருக்கு என்று இன்னொரு தரம் சொல்லியே ஆக வேண்டும், இது நம்மிடம் இல்லாத பழக்கம். 'குஸ்தா' தண்ணீருக்கு இசையும் ஒருமை வினை. பிடித்த பொருள் பலவானால் அது 'குஸ்தான்' ஆகிவிடும். வகுப்பில் பாதிப் பேர் பாட்டியைப் பார்த்து வினையை மாற்றிக்கொண்டிருந்தார்கள். நான் ஒருநாளும் அந்தத் தப்பைச் செய்யவில்லை, ஐயா புண்ணியத்தில்.

உச்சரிப்பில் கதை வேறு. அங்கே தமிழ் என்னைத் தூக்கியும் விட்டது, தள்ளியும் விட்டது.

தூக்கிவிட்டதை முதலில் சொல்கிறேன். நாம் மாட்ரிட் என்று எழுதும் ஊர்ப்பெயரிலேயே 'ட' கிடையாது. அவர்கள் வாயில் அது மத்ரித், கடைசித் 'த்' பாதிதான் காதில் விழும். ஆங்கிலத்தின் வழியாகக் கேட்டுக் கேட்டு நாம் 'ட' போட்டுவிட்டோம். ஸ்பானியத்தில் நாக்கு பல்லைத்தான் தொடும், நம் தகரம் போல. அது மட்டுமல்ல. 'அது' என்று சொல்லிப் பாருங்கள். நடுவில் வரும் 'து' தளர்ந்து, காற்று கசிந்து வருகிறதல்லவா? விரலுக்கு ஸ்பானியத்தில் 'தேதோ' என்று பெயர். அதன் இரண்டாவது தகரம் அச்சாக அப்படியே தளரும். ஆகுவாவின் நடுவில் உள்ள ககரமும், அபுவேலாவின் பகரமும் இரண்டு உயிருக்கு நடுவே மாட்டிக்கொண்டு இதே போல இளகும். ஆங்கிலேய நண்பர் ஒருவர் இதற்காக மாதக்கணக்கில் பாடுபட்டார். 'அகம்' என்று சொல்லத் தெரிந்த எனக்கு ஒரு மாலை போதுமானதாக இருந்தது.

தள்ளிவிட்ட இடங்களும் உண்டு. வீட்டுக்கு ஒரு சொல், காயத்துக்குக் கட்டும் வலைத்துணிக்கு ஒரு சொல். இரண்டையும் நம் எழுத்தில் எழுதினால் 'காசா'தான். ஆனால் வீட்டின் முதல் எழுத்து 'கல்'லில் வரும் க, துணியின் முதல் எழுத்து 'தங்கம்' என்பதில் வரும் க. தமிழ் எழுத்தில் குறிப்பெடுத்த என் நோட்டில் இரண்டும் கலந்து போயின. நம் பள்ளிப் பிள்ளைகள் யாராவது புதுமொழி படிக்கப் போனால் தமிழ் எழுத்திலேயே எழுதிக்கொள்ளட்டும், ஆனால் இந்த மாதிரி ககரத்தின் அடியில் ஒரு கோடு போட்டுக்கொள்ளட்டும்.

அப்புறம் 'பெரோ'. நாக்கு ஒரே ஒரு முறை தட்டினால் 'ஆனால்' என்று பொருள். நாக்கு பலமுறை உருண்டால் நாய். அரைக்கும் அறைக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும் என்று ஐயா நம்மை வரிசையாக நிற்க வைத்துச் சொல்ல வைப்பாரே, அப்போது நான் வாயை மட்டும் அசைத்தேன். அதன் பலனை இங்கே ஒரு பேக்கரியில் அனுபவித்தேன். "ரொட்டி வேண்டும், ஆனால் சிறியது" என்று கேட்கப் போய், அழுத்திச் சொல்கிற ஆர்வத்தில் நாயை உள்ளே கொண்டுவந்துவிட்டேன். கடைக்கார அம்மா பொறுமையாக மூன்று முறை சொல்லிக் காட்டினார்.

எனக்கு மிகவும் பிடித்தது 'எல் ஆகுவா'. உடல்மேல் உயிர் வந்து ஒன்றும் என்று நன்னூல் சொல்வது அங்கே அப்படியே நடக்கிறது, லகரத்தின்மேல் ஆகாரம் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. நான் சேர்த்துச் சொன்னபோது ஆசிரியை நிறுத்தினார். 'எல்லாகுவா' என்று சொல்லியிருக்கிறேன்! தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும், கல்லும் எறிந்தானும் சேர்ந்தால் கல்லெறிந்தான். எட்டாம் வகுப்பு என் நாக்கில் அவ்வளவு ஊறியிருந்தது. ஸ்பானியத்தில் இரட்டாது. 'பாலாடை' என்று சொல்வதைப் போல, ஒற்றை லகரத்தோடு 'எலாகுவா'.

அதில் இன்னொரு நுட்பம். ஆகுவா பெண்பால் சொல், அதனால்தான் கடைசியில் 'ஃப்ரியா' என்று பெண்பால் அடைமொழி. பெண்பாலுக்கு முன் 'லா' வர வேண்டுமே, 'எல்' ஏன் வந்தது? அழுத்திச் சொல்லும் ஆகாரத்தில் தொடங்கும் பெண்பால் பெயருக்கு முன் ஒருமையில் 'எல்' வரும் என்பது விதி. பழைய ஸ்பானியத்தில் அது 'எலா' என்று இருந்தது. அடுத்த ஆகாரம் வந்து மோதியதும் தன் ஆகாரத்தை விட்டுவிட்டது. ஆசிரியை இதை விளக்கியதும், எங்கள் மொழியிலும் ஒரு வீடு, ஓர் அணில் என்று முன் சொல் மாறும் என்று எழுந்து சொன்னேன். பலகையில் எழுதச் சொன்னார். அந்த ஊர் வகுப்பறைப் பலகையில் 'ஓர் அணில்' என்று தமிழில் எழுதிவிட்டு வந்து உட்கார்ந்தபோது என் கண் கலங்கியது.

போன விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது ஐயாவைப் பார்க்கப் போனேன். வயதாகிவிட்டது, காது சற்று மந்தம். காலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் அந்த வாக்கியத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் பொருள் கேட்டார். பிறகு பென்சிலை எடுத்து 'ஆ'வுக்குக் கீழே கோடு போட்டு, 'நான்காம் வேற்றுமை' என்று எழுதினார்.

"பன்மையா இருந்தா?"

"குஸ்தான், ஐயா."

"பிடித்தது, பிடித்தன. அங்கேயும் கடைசியில னகரம் வருது பாரு" என்று சிரித்தார். உடனே விரலை உயர்த்தி, "இது தற்செயல் தம்பி. இதை வச்சு ரெண்டு மொழியும் உறவுன்னு எங்கேயும் எழுதிறாதே" என்றார். உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். செம்பு நிறையத் தண்ணீர் வந்தது.

"சம்பைத் தண்ணிதான். குடி."