ஆடிப்பட்டம் எந்தப் பக்கத் தாழ்வாரத்தில்?

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அடுக்குமாடி வீட்டில் குடியேறி, சாமான்களை அடுக்கி முடிப்பதற்குள் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும்: தாழ்வாரத் தொட்டிகளை அகற்றவும். வாசலில் துளசியும் கறிவேப்பிலையும் இருப்பது நமக்கு வீட்டு லட்சணம். இங்கே அது ஆள் தப்பிக்கும் வழியை அடைக்கிற சாமான். 1.2 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்பது தீப்பாதுகாப்பு விதி. விதி நியாயமானதுதான். ஊர்த் திண்ணை அதைவிட அகலம் என்பது அளவுநாடா பிடிக்கும்போதுதான் உறைக்கும்.

அடுத்த அடி ஆடியில் விழும். பழக்கம் விடுமா? பதினெட்டாம் பெருக்கு நெருங்கினால் வெண்டையும் கொத்தவரையும் ஊன்றியாக வேண்டும். எதிர்ப் புளோக்கில், அதாவது எதிர் அடுக்குமாடிக் கட்டடத்தில், அதே விதை காய்க்கும். நம் வாசலில் வெளிறி, நூல்போல் நீண்டு சாயும். விதையைத் திட்டுவோம், மண்ணைத் திட்டுவோம். குற்றம் வீடு பார்த்த திசையில் இருக்கிறது.

நிலநடுக்கோட்டுக்கு 1.3 பாகை வடக்கே இருக்கும் ஊர் இது. பகல்பொழுது ஆண்டு முழுக்க 12 மணி நேரத்தை ஒட்டியே இருக்கும். கூடுதல் குறைச்சல் பத்து நிமிடம்தான். ஆனால் சூரியன் பக்கம் மாறுகிறது. ஏறக்குறைய பங்குனி 10 முதல் ஆவணி முடிய வடக்கே சாய்ந்து போகும், மீதி மாதங்களில் தெற்கே. மேற்கு வெயிலைத் தவிர்க்க நீளப் பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கும்படி கட்டிய புளோக்குகள் நிறைய. ஆகவே ஆடிப்பட்டம் வடக்குப் பார்த்த தாழ்வாரத்துக்கு மட்டும்தான். தெற்குப் பார்த்த வீட்டுக்குப் பட்டம் புரட்டாசியில் தொடங்கும். அதிலும் மார்கழி வாக்கில் மழைமேகம் வெயிலைத் தின்றுவிடும். ஆறு மணி நேர வெயில் கேட்கும் காய்கறியை அங்கே நம்ப வேண்டாம். நாலு மணி நேரத்தில் பிழைக்கும் கீரை போதும்.

திசை சரியாக இருந்தாலும் தொட்டியின் உயரம் கெடுக்கும். கைப்பிடிச் சுவர் 1 மீட்டர், மேல்தளம் 2.6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆனி உச்சிவெயில் 68 பாகையில் இறங்கும்போது சுவரிலிருந்து 40 செ.மீ. தள்ளித்தான் தரையைத் தொடும். 1 மீட்டரைத் தாண்டினால் மறுபடி நிழல். அந்த வெயில் பட்டை நடக்க விட வேண்டிய வழியிலேயே விழுவதுதான் வேடிக்கை. சுவரோடு ஒட்டிய தொட்டியின் நடுப்பகுதி சுவரிலிருந்து 20 செ.மீ. தூரத்தில் இருந்தால், அங்கே 50 செ.மீ. உயரத்துக்கு மேல்தான் வெயில். 30 செ.மீ. தொட்டியை 20 செ.மீ. முக்காலியில் ஏற்றினால் செடி அடியிலிருந்தே வெயில் வாங்கும். அதற்காகச் சுவர்மேல் தூக்கி வைத்துவிடாதீர்கள். கீழே ஆள் நடக்கிறார்கள்.

தொட்டிக்கு அடியில் தட்டும் வேண்டாம். அதில் தேங்கும் தண்ணீரில், டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் போதும். தட்டை எடுத்தாலும் முழுப் பாதுகாப்பில்லை: மேல்மண் இறுகினால் அதன்மேலேயே தண்ணீர் தேங்கும். வாரம் ஒருமுறை குச்சியால் கிளறிவிடுங்கள்.

இந்தத் தொல்லையெல்லாம் புளோக்குக்குக் கீழே, சமூகத் தோட்டத்தில் குறையும். தேசியப் பூங்காக் கழகம் 2005இல் தொடங்கிய திட்டம் அது. தனிப் பாத்தி வேண்டுமென்றால் பூங்காக்களில் 2.5 மீட்டருக்கு 1 மீட்டர், மூன்று ஆண்டுக் குத்தகைக்கு உண்டு. கொல்லை வைத்திருந்தவர்கள் முதலில் சிரிப்பார்கள். அது அவரைப் பந்தலின் ஒரு கால் ஊன்றும் இடம்தானே!

கட்டும்போதே தோட்டத்தை நினைத்த கட்டடமும் இருக்கிறது. உட்லண்ட்ஸில் கம்போங் அட்மிரல்ட்டியில் மூத்தோருக்கான 104 வீடுகள். கூரை படிப்படியாக ஏறும், அதில் குடியிருப்பாளர்களின் தோட்டம். படியாக அமைத்தால் கூரை வானத்துக்குத் திறந்து கிடக்கும், வெயிலுக்குத் திசைப் பேதமில்லை. பழைய கட்டடக் கூரையில் இதைப் பின்னால் ஒட்டுவது சுலபமல்ல: 30 செ.மீ. ஆழ ஈரமண் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ அரை டன். பொறியாளர் பார்க்காமல் ஒரு பாத்திகூடக் கட்டக் கூடாது.

ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழை தழைச்சத்தை அடித்துக்கொண்டு போய்விடும்; அடியிலைகள் முதலில் மஞ்சளாவது அதனால்தான். ஒவ்வோர் அறுவடைக்குப் பிறகும் 5 செ.மீ. கனத்துக்கு மட்கிய உரம் போடுங்கள். மேற்சொன்ன பாத்திக்கு 125 லிட்டர் பிடிக்கும். அதன்மேல் காய்ந்த இலை மூடாக்கு. முருங்கை மட்டும் எந்த உபசாரத்துக்கும் மசியாது; மழையில் தழை தழையாய்த் தள்ளும், காய் பிடிக்கத் தயங்கும். எல்லாம் பழகிவிட்டது என்று சொல்கிறவர்களும் அதன் அடியில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மஞ்சள் அப்படி ஏமாற்றாது. வைகாசியில் கிழங்கை 5 செ.மீ. ஆழத்தில் ஊன்றினால் தைக்குள் எட்டு மாதம் முடிந்துவிடும். சிக்கல் வேறு: பக்கத்துப் பாத்தி மலாய்ப் பெரியம்மாவுக்கு ரெண்டாங் என்னும் இறைச்சிக் கறி சமைக்க மஞ்சள் இலை வேண்டும். பொங்கல் பானையில் இலையோடு கொத்துக் கட்ட நினைப்பவர்கள் மார்கழி பிறக்கும்போதே இரண்டு தூரைக் காட்டிச் சொல்லிவைப்பது நல்லது.