மூன்று வயல், ஒரு மோட்டார், மீ.சி.ம.

பாலக்கோடு பக்கம் எங்கள் தோட்டத்தில் கிணறும் ஒன்றுதான், மோட்டாரும் ஒன்றுதான். தக்காளிக்கு 4 நாளுக்கு ஒருமுறை, ராகிக்கு 6, மாங்கன்றுகளுக்கு 10. இன்று மூன்றுக்கும் பாய்ச்சினால் மறுபடி மூன்றும் ஒரே நாளில் எப்போது வந்து மாட்டும் என்று பைத்தான் என்ற கணினி நிரல் மொழியில் எழுதிப் பார்க்க உட்கார்ந்தேன்.

தேவை மூன்று எண்களின் மீ.சி.ம., அதாவது மூன்றாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண். இரண்டு எண்களின் பெருக்கலை மீ.பொ.வ.-ஆல் (இரண்டையும் மீதியின்றி வகுக்கும் மிகப் பெரிய எண்) வகுத்தால் மீ.சி.ம., பள்ளியில் படித்ததுதான். மூன்றுக்கும் அதே என்று நினைத்து, மூன்றின் பெருக்கல் 240-ஐ அவற்றின் மீ.பொ.வ. 2-ஆல் வகுத்தேன், 120 வந்தது. அப்பாவிடம் பெருமையாகச் சொன்னால், அவர் தினக்காட்டியில் விரல் வைத்து எண்ணிவிட்டு, "ஏன்டா, அறுபதாம் நாளே மூணும் வருதே" என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. 4, 6, 10-ஐப் பெருக்கினால் உள்ளே 2 நான்கு முறை இருக்கிறது, தேவையோ இரண்டு முறை. நான் வகுத்ததில் ஒன்றுதான் போயிற்று, இன்னொன்று ஒட்டிக்கொண்டு விடையை இரட்டிப்பாக்கிவிட்டது. அதனால் இரண்டிரண்டாகத்தான் போக வேண்டும்: 4, 6-க்கு 12, அப்புறம் 12, 10-க்கு 60. மீ.பொ.வ.-க்கு, மீதி 0 ஆகும்வரை மீதியால் வகுத்துக்கொண்டே போகும் யூக்ளிடின் முறை, நான்கே வரி. ஒவ்வொரு எண்ணாகச் சேர்த்துக்கொண்டு போகும் மீ.சி.ம.-வின் ஆரம்ப மதிப்பை 0 என்று வைத்து, எல்லா விடையும் 0 வந்ததைப் பார்த்து அரைமணி நேரம் முழித்தது தனிக்கதை. அது 1 ஆக இருக்க வேண்டும்.

சரி, பெரிய எண்ணில் பார்ப்போமே என்று 1 முதல் 42 வரை எல்லா எண்களையும் கொடுத்தேன், 219060189739591200, சரி. 43 வரை கொடுத்தால் 9419588158802421600 வர வேண்டிய இடத்தில் கடைசி நான்கு இலக்கம் 1760! ஒற்றைச் சாய்கோட்டால் (/) வகுத்ததால் விடை தசம எண்ணாகித் துல்லியம் போய்விட்டது. முழு எண்ணாகவே வகுக்கும் இரட்டைச் சாய்கோடு (//) போட்டதும் சரியானது. சி மொழியில் எழுதியிருந்தால் இதே எண், கூட்டல் கழித்தல் குறியோடு 64 பிட்டில் வைக்கும் முழு எண்ணுக்குள் அடங்காது.

பைத்தான் 3.9-லிருந்து மீ.சி.ம. காண மேத் (math) தொகுப்பிலேயே ஒரு தயார் செயற்கூறு இருக்கிறது, எத்தனை எண்களையும் தரலாம். என் பழைய லேப்டாப்பில் இருப்பது 3.8, அதனால்தான் நானே எழுத வேண்டியதாயிற்று.

இப்போது சித்தப்பா அதே கிணற்றை நம்பி வெண்டை போட்டிருக்கிறார், 7 நாளுக்கு ஒருமுறை. சேர்த்து ஓட்டினேன், 420 நாள். அதுவரை தக்காளிச் செடி எங்கே இருக்கப் போகிறது என்று அப்பா சிரிக்கிறார்.