மீட்டர் இல்லாத போர்வெல், எழுதப்படாத விபத்துகள்: எங்கள் ஆலையின் முதல் நிலைத்தன்மை அறிக்கை

நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் உள்ள ஒரு நவீன அரிசி ஆலையில் கணக்கு பார்க்கிறேன். எங்களிடம் புழுங்கல் அரிசி வாங்கும் ஒரு பெரிய நிறுவனம் போன ஆண்டு நீளமான கேள்விப் படிவம் ஒன்றை அனுப்பியது. எவ்வளவு தண்ணீர் எடுக்கிறீர்கள், எவ்வளவு கரியமில வாயு வெளியாகிறது, வேலையில் எத்தனை பேருக்கு அடிபட்டது, பெண்களுக்கு என்ன கூலி என்று பக்கம் பக்கமாகக் கேள்விகள். பங்குச்சந்தையின் முதல் 1000 நிறுவனங்களுக்கு 2022-23 நிதியாண்டு முதல் பி.ஆர்.எஸ்.ஆர். என்ற, தொழில் பொறுப்பையும் நிலைத்தன்மையையும் பற்றிய அறிக்கையை, பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி கட்டாயமாக்கியிருக்கிறது. அந்தக் கேள்விகள் இப்போது சரக்கு கொடுப்பவர்கள் வரை இறங்கி வருகின்றன.

"இவங்க ஒருத்தருக்காக மட்டும் செய்ய வேணாம், ஒழுங்கா ஒரு அறிக்கையே எழுதிடுவோம்" என்றார் முதலாளி. சுற்றுச்சூழல், மக்கள், பொருளாதாரம் மூன்றிலும் நம்மால் என்ன பாதிப்பு என்று சொல்வதுதான் நிலைத்தன்மை அறிக்கை. அதை எழுத உலக அளவில் பயன்படும் ஜி.ஆர்.ஐ. அமைப்பின் தரநிலைகளை எடுத்துக்கொண்டோம். இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. அவற்றுக்கு முழுக்க இணங்கி எழுத ஒன்பது நிபந்தனைகள் உண்டு. அவற்றைத் துணையாகக் கொண்டு, முடிந்த அளவு எழுதுவது இன்னொரு வழி. அதற்கு உள்ளடக்க அட்டவணை, எந்தக் காலத்துக்கு எதைப் பின்பற்றினோம் என்ற ஒரு வரி அறிவிப்பு, ஜி.ஆர்.ஐ.க்குத் தகவல் ஆகிய மூன்றும் போதும். முதல் முறை செய்கிறவர்களுக்கு இந்த இரண்டாவது வழியைத்தான் சொல்வேன்.

எதைப் பற்றி எழுதுவது என்பதை ஆலைக்குள் உட்கார்ந்து முடிவு செய்யக் கூடாது, நம்மால் யாருக்கு என்ன பாதிப்பு என்று பார்க்க வேண்டும் என்கிறது தரநிலை. பின்தெருவுக்குப் போனேன். மின்சாரத்தைப் பற்றி அங்கே யாரும் பேசவில்லை. மாடியில் வடாம் காயவைத்தால் உமிச் சாம்பல் கறுப்புப் புள்ளியாக விழுகிறது என்றார் ஓர் அக்கா. நெல் ஊறிய தண்ணீர் வாய்க்காலில் கலக்கும் நாளில் வாசலில் உட்கார முடியவில்லை என்றார் இன்னொருவர். என் பட்டியலில் கடைசியில் கிடந்த இரண்டும் அன்றைக்கு முதல் இடத்துக்கு வந்தன.

பொருளாதாரப் பகுதி எனக்குச் சுலபம். வருமானம், நெல் வாங்கிய செலவு, கூலி, வரி, வட்டி எல்லாம் பேரேட்டில் இருந்தன. ஒரே நாளில் முடிந்தது.

தண்ணீரில் மாட்டிக்கொண்டேன். எங்கள் போர்வெல்லில் மீட்டரே இல்லை. பாய்லர் பார்க்கும் அண்ணன் ஒரு வழி சொன்னார்: 200 லிட்டர் டிரம் நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்து, மோட்டார் ஓடிய நேரத்தால் பெருக்குவது. ஐப்பசியில் அளந்து ஆண்டு முழுவதற்கும் போட்டுவிட்டேன். பங்குனியில் மறுபடி அளந்தபோது நீர்மட்டம் இறங்கி, டிரம் நிரம்ப அதிக நேரம் பிடித்தது. போட்ட கணக்கு தப்பு. பருவத்துக்கு ஒன்றாகப் பிரித்துத் திரும்பப் போட்டேன். அறிக்கையில் 'மதிப்பீடு' என்றே குறித்து, மதிப்பிட்ட முறையையும் எழுதினேன். அப்புறம்தான் மீட்டர் வாங்கினோம். நீங்கள் தொடங்குவதாக இருந்தால் எழுதுவதற்கு ஒரு வருடம் முன்பே மீட்டரை மாட்டிவிடுங்கள்.

கரியமில வாயுக் கணக்கு பயந்த அளவுக்கு இல்லை. இ.பி. பில்லில் உள்ள ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ, ஜெனரேட்டரில் எரியும் ஒரு லிட்டர் டீசலுக்கு ஏறக்குறைய 2.7 கிலோ. டீசல் பில்களில் வீட்டுக் காருக்குப் போட்டதும் கலந்திருந்ததால், அதைப் பிரிக்கத்தான் ஒரு வாரம் ஆனது. பாய்லரில் எரிவது உமி. பயிர் காற்றிலிருந்து எடுத்த கார்பன்தான் திரும்பப் போகிறது என்பதால் உமியின் கரியமில வாயுவைத் தனியாகக் காட்டச் சொல்கிறார்கள், மொத்தத்தில் சேர்ப்பதில்லை. எரியும்போது வரும் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் மட்டும் மொத்தத்தில் சேரும். உமியை நாங்கள் எடை போடுவதே இல்லை. அரைத்த நெல்லில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு உமி என்று வைத்து, வெளியில் விற்றதைக் கழித்தேன்.

முந்தின ஆண்டைவிட மின்சாரம் குறைந்திருந்தது. முதலாளிக்கு மகிழ்ச்சி, அட்டையிலேயே போடலாம் என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. நாங்கள் எழுதியது 2024-25க்கான அறிக்கை. வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கும் மேட்டூர் அணை அந்த ஆண்டு ஜூலை 28-இல்தான் திறந்தது. எங்களுக்கு வந்த குறுவை நெல் குறைவு. ஆலை ஓடியதே குறைவு. ஒரு டன் நெல்லுக்கு எத்தனை யூனிட் என்று வகுத்துப் பார்த்தால் கூடியிருந்தது, ஏனென்றால் பாதிச் சுமையில் ஓடினாலும் மோட்டார்கள் இழுப்பது அதே விகிதத்தில் குறைவதில்லை. விவசாயி தண்ணீருக்குத் தவித்த ஆண்டை எங்கள் சாதனையாக எழுதுவது எப்படி? இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, காரணத்தையும் எழுதினோம். முதலாளி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, இப்படியே இருக்கட்டும்" என்றார்.

விபத்துப் பதிவேட்டைத் திறந்தால் ஒரு பக்கம்கூட எழுதப்படவில்லை. ஆனால் தை மாதம் மூட்டை அடுக்கு (அட்டி) சரிந்து ஒரு லோடுமேனுக்கு மணிக்கட்டு முறிந்தது எனக்கே தெரியும். கேட்டதற்கு மேஸ்திரி, "அவங்க மூட்டைக் கூலிதானே தம்பி, கம்பெனி கணக்குல வர மாட்டாங்க" என்றார். தரநிலை அப்படி விடுவதில்லை. ஊழியர் அல்லாத, ஆனால் நம் கட்டுப்பாட்டில் வேலை செய்கிறவர்களையும் தலை எண்ணி எழுத வேண்டும், அவர்களுக்குப் பட்ட காயத்தையும் சேர்க்க வேண்டும். விகிதத்தை 2 லட்சம் வேலை மணி நேரத்துக்கோ 10 லட்சத்துக்கோ காட்டலாம். லோடுமேன்களுக்கு வருகைப் பதிவு கிடையாது. இறக்கிய மூட்டைச் சிட்டைகளை வைத்து வேலை நேரத்தைக் கணித்தேன். ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து பேசியதில் நான்கு காயங்கள் தெரியவந்தன. இரண்டு பேர் அந்த நாட்களில் கூலியே இல்லாமல் வீட்டில் இருந்திருக்கிறார்கள். இதை அட்டவணையில் ஓர் எண்ணாக எழுதும்போது கை கூசியது.

பெண்களின் கூலி, ஆண்களின் கூலிக்கு எத்தனை பங்கு என்ற வரியை மட்டும் எடுத்துவிடலாமா என்று முதலாளி கேட்டார். இருக்கட்டும் என்று வற்புறுத்தினேன். அந்த எண் அறிக்கையில் இருக்கிறது. கூலி இன்னும் மாறவில்லை.

அறிக்கையைத் தமிழில் இரண்டு பக்கமாகச் சுருக்கி எடைமேடை அறையில் ஒட்டினோம். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் வயதான லோடுமேன் ஒருவர் விரலை வைத்து வரி வரியாகப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "ஆடி மாசம் காலில் மூட்டை விழுந்துச்சே, அதை விட்டுட்டீங்களே தம்பி." முன்பு வெளியிட்ட எண்ணைத் திருத்தினால் எதை, ஏன் திருத்தினோம் என்று அடுத்த அறிக்கையில் சொல்ல அதற்கென்றே ஓர் இடம் உண்டு. விபத்துப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.