சிகரெட்டிலிருந்து வேப்புக்கு மாறுகிறவர்களுக்கு: கருவி, லிக்விட், முதல் மாதம்

இது பிரிட்டனில் வாழ்கிற, தினமும் சிகரெட் பிடிக்கிற, 18 வயது தாண்டியவர்களுக்காக எழுதுவது. சிகரெட்டே பிடிக்காதவர்கள் வேப், அதாவது மின் சிகரெட், பக்கம் போகவே வேண்டாம். நிக்கோட்டின் பேட்ச் ஒட்டியோ நிக்கோட்டின் சுவிங்கம் மென்றோ ஏற்கெனவே விட்டுவிட்டவர்களுக்கும் இது தேவையில்லை. இந்தியாவிலும் இலங்கையிலும் வேப்புக்குத் தடை உண்டு. ஊருக்குப் போகும்போது என்ன செய்வது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

மாற நினைத்து வேப் வாங்கி, பத்தே நாளில் அதை டிராயரில் போட்டுவிட்டுத் திரும்பவும் பாக்கெட்டைக் கையில் எடுக்கிறவர்கள் நிறையப் பேர். மன உறுதி இல்லை என்று வீட்டில் ஏச்சு விழும். நான் அப்படிப் பார்க்க மாட்டேன். பெரும்பாலும் கோளாறு வேறு இடத்தில் இருக்கும்: கருவி பொருந்தாதது, அல்லது லிக்விடில் நிக்கோட்டின் போதாதது. உடம்பு பழகின அளவு கிடைக்காவிட்டால் அது சிகரெட்டைத் தேடித்தான் போகும்.

நிக்கோட்டின் அடிமைப்படுத்தும், இதயத் துடிப்பைக் கூட்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் புகைப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோயும் மாரடைப்பும் வரக் காரணம் முக்கியமாக எரிகிற புகையிலைதான்: தார், கார்பன் மோனாக்சைடு, இன்னும் ஆயிரக்கணக்கான ரசாயனங்கள். வேப்பில் எதுவும் எரிவதில்லை. திரவம் சூடாகி ஆவியாகிறது, அவ்வளவுதான். அதற்காக அது தீங்கே இல்லாதது என்று அர்த்தமில்லை. சிகரெட்டைவிட மிகக் குறைந்த தீங்கு என்பதுதான் என்.எச்.எஸ். சொல்வது. இங்கிலாந்தில் 886 பேரை வைத்து நடந்து 2019இல் வெளியான ஆய்வில், வேப் கொடுக்கப்பட்டவர்களில் 18 சதவீதம் பேர் ஓராண்டுக்குப் பிறகும் சிகரெட் இல்லாமல் இருந்தார்கள். பேட்ச், சுவிங்கம் வகைகள் கொடுக்கப்பட்டவர்களில் அது 9.9 சதவீதம். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. வேப்பால் விட்டவர்களில் 80 சதவீதம் பேர் ஓராண்டு கழித்தும் வேப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டையும் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

முதலில் கருவி. ஒருமுறை பிடித்துத் தூக்கிப்போடும் டிஸ்போசபிள் வேப் 2025 ஜூன் 1 முதல் பிரிட்டன் முழுக்கத் தடை. இப்போது சட்டப்படி கிடைப்பது சார்ஜ் செய்து திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது. அதில் லிக்விட் நிற்கும் சின்னக் குப்பிக்குப் பாட் என்று பெயர். அதிலும் இரண்டு வகை: லிக்விட் நிரப்பியே வரும் பாட், நாமே நிரப்பும் பாட். முதல் வகையில் வேலை குறைவு, செலவு கூடுதல். நான் இரண்டாவதையே சொல்வேன். ஒரு வாரத்தில் கை பழகிவிடும், நிக்கோட்டின் அளவையும் சுவையையும் நம் இஷ்டப்படி மாற்றலாம். பெட்டி மாதிரி பெரிதாக, 100 வாட், 200 வாட் என்று போட்டிருக்கும் பாக்ஸ் மாட் பக்கம் இப்போது போகாதீர்கள். அது மேகம் மேகமாக ஆவி விடுகிறவர்களுக்கானது.

சிகரெட்டை எப்படி இழுக்கிறோம் என்று கவனித்துப் பாருங்கள். முதலில் புகை வாய்க்குள் வரும், பிறகுதான் நெஞ்சுக்குள் போகும். வேப்பும் அதே மாதிரி இழுக்கக் கூடியதாக இருக்க வேண்டும். கடையில் ‘மவுத் டு லங்’ என்று கேளுங்கள். காயில், அதாவது லிக்விடைச் சூடாக்கும் கம்பிச் சுருள், 0.8 முதல் 1.2 ஓம் வரை இருக்கட்டும். 10 முதல் 16 வாட் வரை போதும். மெல்லிய ஸ்ட்ராவில் உறிஞ்சுகிற மாதிரி இழுப்பு கொஞ்சம் இறுக்கமாக இருக்க வேண்டும். காற்று தாராளமாக வந்தால், 0.5 ஓமுக்குக் குறைந்த காயில் என்றால், அது நேராக நெஞ்சுக்கு இழுக்கும் வகை. அதில் 20 மி.கி. லிக்விடைப் போட்டு இழுத்தால் தலை சுற்றிக் குமட்டும். ‘இது நமக்கு ஒத்துவராது’ என்று அன்றைக்கே விட்டுவிடுவார்கள்.

லிக்விட் பாட்டிலில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்: நிக்கோட்டின் அளவு, நிக்கோட்டின் வகை, பி.ஜி. (புரோபிலீன் கிளைக்கால்), வி.ஜி. (காய்கறி கிளிசரின்) என்ற இரண்டு அடிப்படைத் திரவங்களின் விகிதம். பிரிட்டனில் நிக்கோட்டின் உச்சவரம்பு மில்லிலிட்டருக்கு 20 மி.கி. சில பெட்டிகளில் அதையே 2 சதவீதம் என்று போட்டிருப்பார்கள், இரண்டும் ஒன்றுதான். நிக்கோட்டின் உள்ள பாட்டில் 10 மி.லி.க்கு மேல் வரக்கூடாது, டேங்க் 2 மி.லி.க்கு மேல் கூடாது. 5 சதவீதம், 50 மி.கி. என்று எழுதிய சரக்கு கண்ணில் பட்டால் அது இங்கே விற்க அனுமதி இல்லாதது. நம்மவர்கள் நடத்தும் கடையாகவே இருந்தாலும் வாங்காதீர்கள்.

வகையில் நிக் சால்ட் எடுங்கள். சாதாரண நிக்கோட்டின் 20 மி.கி. அளவில் தொண்டையைக் கிழிக்கும். நிக் சால்டில் ஓர் அமிலம் சேர்த்திருப்பதால் அதே அளவு மிருதுவாக இறங்கும். பி.ஜி. நீர்த்தது, சுவையையும் தொண்டையில் படும் அந்தப் பிடிப்பையும் தருவது அதுதான். வி.ஜி. கெட்டியானது, ஆவியைக் கூட்டும். சின்ன பாடுக்கு இரண்டும் பாதிப் பாதியாக, 50:50 இருப்பதே சரி.

எவ்வளவு மி.கி.? எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் தம் வேண்டும் என்றால், அல்லது ஒரு நாளைக்கு 20 சிகரெட் ஆகிறது என்றால் 20 மி.கி.யில் தொடங்குங்கள். பத்துக்குப் பக்கத்தில் என்றால் 10 அல்லது 12 மி.கி. அதற்கும் கீழே என்றால் 6 மி.கி. போதலாம். ‘எதற்கும் குறைவாகவே ஆரம்பிப்போம்’ என்கிற யோசனை கேட்க நல்லதாக இருக்கும். நடைமுறையில் திரும்பவும் சிகரெட்டுக்கு இழுத்துப் போவது அதுதான்.

50 மி.லி. பெரிய பாட்டில் மலிவாகத் தெரியும். அதற்கு ஷார்ட்ஃபில் என்று பெயர், அதில் நிக்கோட்டின் துளிகூட இல்லை. மேலே விட்டிருக்கும் இடத்தில் 18 மி.கி. நிக் ஷாட், அதாவது நிக்கோட்டின் சேர்ப்பதற்கென்றே விற்கும் திரவம், ஒரு பாட்டில், 10 மி.லி., ஊற்றினால்கூட மொத்தம் 60 மி.லி.க்கு 3 மி.கி.தான் வரும். 20 சிகரெட் பிடித்தவருக்கு அது எந்த மூலைக்கு? போதாததற்கு அதில் பெரும்பாலும் வி.ஜி. 70 சதவீதம். அந்தக் கெட்டித் திரவம் சின்ன காயிலின் பஞ்சுக்குள் வேகமாக இறங்காது. பஞ்சு காய்ந்து கருகும்.

இனி நிரப்புவது. பாடைக் கழற்றி, பக்கத்தில் இருக்கும் ரப்பர் மூடியை நகத்தால் நெம்பித் திறங்கள். பாட்டிலின் மூக்கைத் துளைக்குள் வைத்து மெதுவாக அமுக்குங்கள். அவசரப்பட்டால் உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல் லிக்விட் விரலில் வழியும். கோடு வரைக்கும் போதும். மூடி, அடிப்பக்கத்தையும் உலோகத் தொடுமுனைகளையும் டிஷ்யூவால் துடைத்துவிட்டு, 10 நிமிடம் நிமிர்த்தி வையுங்கள். புதுக் காயில் என்றால் இந்த 10 நிமிடத்தைத் தவிர்க்கவே கூடாது. காயிலுக்குள் இருக்கும் பஞ்சு முழுக்க நனைய அவ்வளவு நேரம் ஆகும். வெளியே ஈரமாகத் தெரிந்தாலும் நடுவில் காய்ந்திருக்கும், முதல் இழுப்பிலேயே அந்த இடம் கருகும். கருகின பஞ்சைத் திருப்பிச் சரிசெய்ய முடியாது. எவ்வளவு லிக்விட் ஊற்றினாலும் கருகல் வாசனை போகாது. காயிலையோ பாடையோ மாற்றத்தான் வேண்டும்.

இழுப்பதும் வேறு மாதிரி. சிகரெட்டில் சுருக்கென்று இழுத்துப் பழகியிருப்போம். வேப்பில் மூன்று வினாடி, நிதானமாக, அழுத்தமில்லாமல் இழுங்கள். அடுத்த இழுப்புக்கு அரை நிமிடம் விடுங்கள், பஞ்சு மறுபடி ஊற வேண்டும். நிக்கோட்டின் சிகரெட்டில் வருகிற வேகத்தில் மூளைக்கு ஏறாது. ஒரு சிகரெட்டை ஐந்து நிமிடத்தில் முடித்து வைத்துவிடுகிற பழக்கத்தை விட்டு, அவ்வப்போது இரண்டு மூன்று இழுப்பு என்று மாற வேண்டும். முதல் சில நாள் இருமல் வரும், வாய் காயும். தண்ணீர் அதிகம் குடியுங்கள். குமட்டல், தலைசுற்றல், விக்கல், படபடப்பு என்றால் நிக்கோட்டின் கூடிவிட்டது. கீழே வைத்துவிடுங்கள், சிறிது நேரத்தில் அடங்கிவிடும். திரும்பத் திரும்ப வந்தால் அடுத்த பாட்டிலை ஒரு படி குறைத்து வாங்குங்கள். நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள், 999.

கொர கொரவென்று சத்தம் வந்து, நாக்கில் சூடான துளி தெறித்தால் காயிலுக்குள் லிக்விட் தேங்கிவிட்டது. ரொம்பப் பலமாக இழுப்பதால், அல்லது வாட் குறைவாக வைத்திருப்பதால் இப்படி ஆகும். பாடைக் கழற்றி டிஷ்யூவைச் சுற்றி இரண்டு உதறு உதறினால் சரியாகும். கீழே ஒழுகினால் பாடைப் படுக்கப் போட்டிருப்பீர்கள், வெயிலில் காரில் விட்டிருப்பீர்கள், இல்லையென்றால் காயில் ஆயுள் முடிந்திருக்கும். ஒரு காயில் ஒன்றிரண்டு வாரம் வரும். மாம்பழம், கஸ்டர்ட் என்று இனிப்புத் தூக்கலான லிக்விட் என்றால் இனிப்பு காயிலில் கருப்பாகப் படிந்து இன்னும் சீக்கிரம் கெடும். புதினாவோ புகையிலைச் சுவையோ என்றால் கூடுதலாக உழைக்கும்.

இப்போது முதல் மாதம். வேப்பையும் சிகரெட்டையும் சேர்த்துப் பிடிக்கும் கட்டம் சிலருக்குச் சில நாள் இருக்கும், பரவாயில்லை. அதிலேயே தங்கிவிடக் கூடாது. ‘இருபதிலிருந்து இரண்டாகக் குறைத்துவிட்டேன்’ என்று திருப்திப்படுகிறவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் பிடித்தாலும், இருபது பிடிப்பவருக்குக் கூடும் இதயநோய் ஆபத்தில் ஏறத்தாழ பாதி அப்படியே இருக்கிறது. 2018இல் வந்த பெரிய ஆய்வுத் தொகுப்பின் முடிவு இது. அதனால் ஒரு நாளைக் குறித்து, அன்றிலிருந்து தீப்பெட்டி, லைட்டர், ஆஷ்ட்ரே எதுவும் வீட்டில் இல்லாதபடி செய்யுங்கள். விடிந்ததும் வரும் அந்த முதல் தம்தான் கடினம். முந்தின இரவே வேப்பை நிரப்பி, சார்ஜ் போட்டு, தலைமாட்டில் தயாராக வையுங்கள்.

காபி பற்றிப் பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று. சிகரெட் புகையில் இருக்கும் சில பொருட்கள் கல்லீரலைத் தூண்டி, கஃபீனை வேகமாக வெளியேற்ற வைக்கின்றன. புகை நின்றதும் அந்த வேகம் குறையும். வழக்கமான நாலு காபியும் உடம்பில் கூடுதல் நேரம் தங்கும். கை நடுக்கம், எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் வரும். சிகரெட்டை விட்டதால் என்று நினைப்போம், பாதிக் காரணம் காபியாக இருக்கும். மாறும் வாரத்தில் காபி, டீயைப் பாதியாக்குங்கள். இதே காரணத்தால் சில மருந்துகளின் அளவும் ரத்தத்தில் ஏறும். க்ளோசபின், ஓலான்சபின், தியோஃபிலின், வார்ஃபரின் எடுப்பவர்கள் சிகரெட்டை நிறுத்தும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். இன்சுலின் போடுபவர்களும்தான். கர்ப்பமாக இருப்பவர்கள் தாங்களாக மாறாமல் மிட்வைஃபிடம் கேளுங்கள். அங்கே பேட்ச், சுவிங்கம் வகைகளைத்தான் முதலில் சொல்வார்கள்.

இங்கிலாந்தில் ஸ்டாப் ஸ்மோக்கிங் சர்வீஸ் இலவசம். 0300 123 1044 என்ற எண்ணுக்குப் பேசலாம். சில கவுன்சில்களில் வேப் கிட்டையே இலவசமாகத் தருகிறார்கள். நேரில் போனால் ஒரு குழாயில் ஊதச் சொல்லி மூச்சில் கார்பன் மோனாக்சைடு பார்ப்பார்கள். 10க்குக் கீழே இருந்தால் புகைக்காதவர் கணக்கு. சிகரெட்டை முழுக்க நிறுத்திய இரண்டு நாளில் அது இறங்கிவிடும். வேப் பிடிப்பதால் ஏறாது.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம். மொபைலின் ஃபாஸ்ட் சார்ஜரில் போடாதீர்கள், தூங்கும்போது சார்ஜில் விடாதீர்கள். லிக்விட் பாட்டில் குழந்தை கைக்கு எட்டவே கூடாது. பழ வாசனைக்கு வாயில் வைத்துவிடும், கொஞ்சம் உள்ளே போனாலும் ஆபத்து. தோலில் பட்டால் உடனே கழுவுங்கள். பழைய கருவியைக் குப்பைத் தொட்டியில் போட்டால் குப்பை லாரியில் நசுங்கித் தீப்பிடிக்கும். விற்ற கடையே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். நண்பர் கொடுத்த, கஞ்சா எண்ணெய் கலந்த கார்ட்ரிட்ஜ் எதையும் தொடாதீர்கள். 2019-20இல் அமெரிக்காவில் நுரையீரல் பாதித்து 68 பேர் இறந்ததற்கு முக்கியக் காரணமாகக் கண்டது அந்த வகைச் சரக்கில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிடேட்.

நிக்கோட்டினைக் குறைக்க அவசரம் வேண்டாம். சிகரெட் நினைப்பே வராமல் சில மாதம் போகட்டும். பிறகு 20லிருந்து 10, 10லிருந்து 5 என்று இறங்குங்கள். இறங்கியதும் சிகரெட் ஆசை எட்டிப் பார்த்தால் பழைய படிக்கே ஏறிவிடுங்கள். செலவு வகையில், 2026 அக்டோபர் 1 முதல் 10 மி.லி.க்கு 2.20 பவுண்ட் வரி என்று அரசு அறிவித்திருக்கிறது. அப்போதும் ஒரு பாக்கெட் சிகரெட்டின் விலைக்கு அருகில்கூட வராது.

ஊர்ப் பயணம். விமானத்தில் வேப் கைப்பையில்தான் போக வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக்கூடாது. ஆனால் இந்தியாவுக்கோ இலங்கைக்கோ என்றால் கைப்பையிலும் வேண்டாம். இந்தியாவின் 2019 சட்டப்படி இறக்குமதி, விற்பனை, இருப்பு எல்லாம் குற்றம்; முதல் முறை இறக்குமதிக்கே ஓராண்டு சிறையோ 1 லட்சம் ரூபாய் அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். சிங்கப்பூரில் வைத்திருப்பதே குற்றம், அந்த வழியாகப் போகிறவர்களும் கவனிக்க வேண்டும். வேப்பைப் பிரிட்டனிலேயே விட்டுவிட்டு, கிளம்ப ஒரு வாரம் முன்பே நிக்கோட்டின் சுவிங்கம் பழகுங்கள். எழுந்து அரை மணிக்குள் தம் தேடியவர் என்றால் 4 மி.கி., மற்றவர்களுக்கு 2 மி.கி. இதைச் சாதாரண சுவிங்கம் மாதிரி மென்றுகொண்டே இருந்தால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். காரம் ஏறும் வரை மெதுவாக மெல்லுங்கள், கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்குங்கள், காரம் போனதும் மறுபடி மெல்லுங்கள். இப்படி அரை மணி நேரம். அதற்கு முந்தின கால் மணி நேரம் காபியோ ஜூஸோ குடிக்காதீர்கள். வாயில் புளிப்பு இருந்தால் நிக்கோட்டின் உடம்பில் ஏறாது.