மூன்று சந்தனம்

கூடத்துக்குச் சந்தனக் கலர் என்று முடிவாகி ஒரு மாதம் ஆகியும் வேலை தொடங்கவில்லை. பெயிண்டர் மேல் குற்றம் இல்லை. எந்தச் சந்தனம் என்று நான்தான் சொல்லவில்லை.

ஷேட் கார்டில் மூன்று கட்டங்களைப் பேனாவால் சுழித்து வைத்திருந்தேன். மூன்றுக்கும் இங்கிலீஷில் நீளநீளமாகப் பெயர். அம்மாவுக்கு வாயில் நுழையவில்லை. அவளாகவே பாலாடை, பச்சரிசி, நெய் என்று வைத்துவிட்டாள். அப்புறம் வீட்டில் எல்லோருக்கும் அதுதான் பெயர். பெயிண்டர் தம்பி கார்டை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மூணும் ஒண்ணுதான்க்கா. பட்டி பாத்து, உப்புத்தாள் போட்டுத் தேச்சு ரெண்டு கோட் அடிச்சா எல்லாமே பளிச்சுனு இருக்கும்" என்றார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. மூன்றிலும் ஒவ்வொரு லிட்டர் வாங்கிவந்தேன். மெஷினில் கலந்து கொடுத்த பெயிண்டைக் கடையில் திருப்பி எடுக்க மாட்டார்கள் என்பது அம்மாவுக்கும் தெரியும். அன்று மாலை காபி கொஞ்சம் ஆறியே வந்தது.

முதலில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். சுவரில் இருந்த பழைய நீல டிஸ்டம்பர் மேலேயே மூன்று பட்டை இழுத்துவிட்டேன். நீலத்துக்குப் பக்கத்தில் எந்தச் சந்தனமும் மஞ்சளாகத்தான் தெரியும்; மூன்றும் மாரியம்மன் கோவில் மஞ்சள் துணி மாதிரி இருந்தன. அதை விட்டுவிட்டு, கெட்டியான வெள்ளை அட்டை மூன்று வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி வெட்டி, ஓரத்தில் இரண்டு அங்குலம் வெள்ளை விட்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு கோட் அடித்தேன். எமல்ஷன் ஈரமாக இருக்கும்போது வெளுப்பாகத் தெரியும் என்பதால் ஒரு ராத்திரி காய விட்டேன். அட்டையில் ஒரு வசதி, எந்தச் சுவருக்கு வேண்டுமானாலும் தூக்கிப் போகலாம்.

எங்களுடையது ஸ்ரீரங்கத்தில் மேற்குப் பார்த்த பழைய வீடு. கூடத்தில் தாத்தா காலத்து ரெட் ஆக்சைடு தரை, தேய்ந்து தேய்ந்து கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. காலை பத்து மணிக்குப் பார்த்தால் பெயிண்டர் சொன்னதுதான் சரி: மூன்றும் ஒன்று. கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

நாலரைக்கு வெயில் ஜன்னல் வழியாகத் தரையில் விழுந்தது. சிவப்பு கிளம்பிச் சுவரில் ஏறியது. பாலாடை அப்படியே ரோஸ்மில்க் ஆகிவிட்டது. அட்டையை முட்டியளவு உயரத்தில் வைத்தால் நல்ல ரோஸ், நிலைப்படிக்கு மேலே தூக்கினால் மறுபடியும் சந்தனம். ஒரே அட்டைதான்! அம்மாவைக் கூப்பிட்டு ஏற்றி இறக்கிக் காட்டினேன். "கல்யாண மண்டபம் மாதிரி இருக்கு" என்றாள். அது பாராட்டு இல்லை.

ராத்திரி டியூப் லைட் போட்டதும் பச்சரிசியின் குட்டு வெளிப்பட்டது. எங்கிருந்தோ ஒரு பச்சை. காமாலைக்காரர் முகம் மாதிரி ஒரு களை. நெய் மட்டும் மூன்று வேளையும் ஏறக்குறைய நெய்யாகவே இருந்தது.

மறுநாள் கடைக்குப் போய்க் கலக்கும் பையனிடம் கேட்டேன். அவன் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினான். மூன்றுக்கும் அதே வெள்ளை பேஸ். மஞ்சள் ஆக்சைடு மூன்றிலும் உண்டு. பாலாடையில் கூடவே துளி சிவப்பு, பச்சரிசியில் துளி கறுப்பு. நெய்யில் மஞ்சள் கொஞ்சம் கூடுதல், சிவப்பு பெயருக்கு. மஞ்சளில் கறுப்பு விழுந்தால் பச்சை எட்டிப்பார்க்கும் என்பது வாட்டர் கலர் பெட்டியைக் குழப்பிய எந்தப் பிள்ளைக்கும் தெரியும். பாலாடையின் துளிச் சிவப்புக்கு எங்கள் தரை துணை போயிருக்கிறது, அவ்வளவுதான். மொசைக் போட்ட வீட்டில் அதே பாலாடை சாதுவாக இருந்திருக்கும்.

நெய்யிலும் ஒரு சங்கடம் இருந்தது. நாலு சுவரும் ஒன்றின் கலரை இன்னொன்றின் மேல் அடிக்கும். அட்டையில் பார்த்ததைவிட அறையில் அழுத்தமாகத்தான் வரும். அதனால் கலர் அளவைப் பாதியாகக் குறைத்துக் கலக்கச் சொன்னேன். பின்னால் ஒரு லிட்டர் தேவைப்பட்டால் அதே கலர் வருமா என்று பெயிண்டருக்குக் கவலை. நியாயம்தான். வேண்டியதற்கு இரண்டு லிட்டர் கூடவே, எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கிவிட்டேன்.

ஐந்து நாளில் வேலை முடிந்தது. கணக்குத் தீர்க்கும்போது மீந்த டப்பாக்களைக் காட்டி, "வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க தம்பி" என்றேன். பச்சரிசி டப்பா ஏறக்குறைய முழுசாக இருந்தது, பாலாடை முக்கால்வாசிதான். மூடியைத் திறந்து இரண்டையும் குனிந்து பார்த்தார்.

"பச்சரிசி வேணாம்க்கா. பாலாடையே குடுங்க."