உப்புப் பருவத்துச் சினிமாக் கொட்டகை

வேதாரண்யத்தைப் பலரும் 1930ஆம் ஆண்டின் உப்புச் சத்தியாக்கிரகத்தால் அறிந்திருப்பார்கள். அந்த ஊரில் வளர்ந்த எனக்கோ, உப்பு என்றதும் எழுபதுகளில் அதை நம்பி ஆண்டுதோறும் எழுப்பப்பட்ட கீற்றுக் கொட்டகைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. தை பிறந்து, அகஸ்தியம்பள்ளி உப்பளங்களில் பாத்தி கட்டும் வேலை தொடங்கும்போது, ஊர் எல்லையில் இருந்த மணல் திடலில் மூங்கிலும் தென்னங்கீற்றும் வந்து இறங்கும். ஐப்பசி மழைக்கு முன்பே கூரையைப் பிரித்துவிடுவார்கள். உப்பளத்தில் கூலி புழங்கிய மாதங்களில் மட்டுமே எங்களுக்குச் சினிமா உண்டு.

பக்கங்கள் திறந்திருந்ததால் நன்றாக இருட்டிய பிறகே முதல் ஆட்டம் தொடங்கும். உப்பளத்துக்குப் போகிறவர்கள், வெயில் ஏறுமுன் வேலையை முடிப்பதற்காக, விடிவதற்கு வெகுநேரம் முன்பே எழ வேண்டியவர்கள். ஆகவே முதல் ஆட்டத்தின் மணல் தரை பெரும்பாலும் அவர்களுடையதாகவே இருக்கும். உப்புநீரில் நின்று நின்று வெடித்த பாதங்களை மணலுக்குள் புதைத்துக்கொண்டு, குழந்தைகளை மடியில் கிடத்தியபடி பெண்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த காட்சியை, அங்கே பார்த்த எந்தப் படத்தையும்விடத் தெளிவாக நான் நினைவில் வைத்திருக்கிறேன். பெஞ்சும் நாற்காலியும் பின்னால் இருந்தன. முன்னால் இருப்பவர் மணலைக் குவித்து உயரமாக உட்கார்ந்தால் பின்னால் சண்டை மூளும். அதைத் தீர்க்க என் அப்பாயியின் ஒரு குரல் போதும்.

ஒரே ஒரு புரொஜெக்டர்தான். இரண்டாயிரம் அடி கொண்ட ஒரு ரீல் ஏறக்குறைய 22 நிமிடம் ஓடும். அதன் பிறகு அடுத்ததை மாட்டும்வரை விளக்கைப் போட்டுவிடுவார்கள். புரொஜெக்டருக்கு ஒளி தந்த கார்பன் குச்சிகள் எரிந்து குறையக் குறைய, ஆபரேட்டர் அண்ணன் அவற்றின் இடைவெளியைக் கையால் சரிசெய்துகொண்டே இருப்பார். கொஞ்சம் கவனம் பிசகினாலும் திரை மங்கிவிடும். கடலோரத்தில் அவருக்கு வேறொரு பாடும் இருந்தது. உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும் என்பதால், பகல் முழுவதும் எண்ணெய்த் துணியும் கையுமாக இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார். கிழக்கிலிருந்து காற்று பலமாக அடித்தால் திரை புடைத்து நடிகர்களின் முகம் கோணும். வசனம் பாதி கேட்காது. ஆனால் படம் வருவதற்குப் பல மாதங்கள் முன்பே இலங்கை வானொலியில் அதன் பாட்டுகளைக் கேட்டு மனப்பாடம் செய்திருப்போம். யாழ்ப்பாணம் கடலுக்கு அந்தப் பக்கம்தானே! அதனால் பாட்டுக் காட்சிகளில் காற்று விழுங்கிய வரிகளை மணல் தரையே பாடி முடிக்கும்.

படங்கள் பெரிய ஊர்களில் ஓடித் தேய்ந்து, கீறல் விழுந்த பிறகே எங்களிடம் வந்தன. திருத்துறைப்பூண்டியிலிருந்து வரும் மீட்டர் கேஜ் ரயிலில் படப்பெட்டி வந்ததா என்று பார்ப்பதற்காகவே சிறுவர்கள் நிலையத்துக்கு ஓடுவோம். கீறல் விழுந்த படம் என்று குறைப்பட்டவர் எவரையும் நான் கண்டதில்லை. நான்கு மாதங்கள் கொட்டகையே இல்லாமல் காத்திருந்தவர்களுக்குப் படம் வந்ததே பெரிது. ஆடி அமாவாசைக்குக் கடலாட வரும் கூட்டத்தால் அந்த வாரம் எங்களுக்கே இடம் கிடைக்காது.

1977 நவம்பர் 12ஆம் தேதி புயல் கரையைக் கடந்தபோது, வழக்கப்படி கூரை பிரிக்கப்பட்டு, இயந்திரமும் லாரியில் ஏறிப் போயிருந்தது. நட்டிருந்த கம்பங்கள் மட்டும் சாய்ந்தன. அடுத்த தையில் கொட்டகை வரவில்லை. தோப்புகள் எல்லாம் விழுந்து கிடந்த ஊரில் வேய்வதற்குக் கீற்றுக்கு எங்கே போவது? சித்திரை கடந்து, வெளியூரிலிருந்து கீற்று வரவழைத்தே கூரை போட்டார்கள்.

கொட்டகையை மூட வைத்தது தொலைக்காட்சிதான் என்று சொல்வது எங்கள் கரைக்கு அரை உண்மை. 1982இல் இலங்கையின் ரூபவாஹினி தொடங்கியதும், உயரமான ஆன்டெனா வைத்த வீடுகளில் அது தெரிந்தது உண்மைதான். ஆனால் அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் மணல் தரை நிரம்பவே செய்தது. அதைவிட, வாடகைக்கு வந்த வீடியோ டெக்குகளே வலுவான காரணம் என்று நினைக்கிறேன். மழைக்காலத்தில்கூடப் புதுப்படம் பார்க்க முடியும் என்றான பிறகு, தை மாதத்துக்காகக் காத்திருக்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லாமல் போயிற்று. ஆண்டுக்கு ஆண்டு கீற்றும் மூங்கிலும் ஆள்கூலியும் ஏறிக்கொண்டிருந்த நிலையில், எட்டு மாத வசூலை மட்டும் நம்பி அந்தச் செலவை ஏற்கக் கொட்டகைக்காரரால் முடியவில்லை.